இறக்கத்தில் பெட்ரோல் வேண்டாம் என்று சொன்னவள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து நாலு நல்ல விஷயம் சொல்ல வேண்டும் என்று உங்கள் மேலாளர் கேட்டுக்கொண்டார். நல்ல விஷயங்களை அவரே சொல்லிவிடுவார். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். நான் செய்த ஒரு கெட்ட காரியத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். ஓய்வு பெற்றாயிற்று, இனி என்னை வேலையை விட்டு நீக்கவும் முடியாது.

போடியில் இந்தக் கார் ஷோரூமில் வாசலுக்கு இடது பக்கம் ஒரு மேசை இருக்கிறதே, அதுதான் என் இடம். முதலில் அதன்மேல் 'புகார்' என்று பலகை வைத்திருந்தார்கள். அப்புறம் யாரோ பெரிய அதிகாரி வந்து பார்த்துவிட்டு 'வாடிக்கையாளர் உறவு' என்று மாற்றச் சொன்னார். பலகை மாறியது. வந்தவர்கள் அதே கோபத்தோடுதான் வந்தார்கள்.

அவர்களில் பாதிப் பேருடைய கோபத்துக்குக் காரணம் அந்த லேபிள். ஷோரூமில் நிற்கும் ஒவ்வொரு காரின் முன்கண்ணாடியிலும் ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பெரிய எழுத்தில் ஓர் எண். எவ்வளவு புகை விடும் என்று கொஞ்சம் சின்னதாய் இன்னோர் எண். அதற்கும் கீழே, பூதக்கண்ணாடி இருந்தால் படிக்கலாம்: 'சோதனைக்கூட நிலையில் கண்டது, நடைமுறையில் மாறுபடலாம்.' அந்தச் சோதனைக்கூடத்தில் கார் உருளைகள்மேல் நின்ற இடத்திலேயே ஓடும். அங்கே கொண்டை ஊசி வளைவு கிடையாது, டிக்கியில் ஏலக்காய் மூட்டை கிடையாது, ஏசியைக் கூட்டு என்று சொல்ல மச்சினன் கிடையாது. அப்படிப்பட்ட நிம்மதியில் வண்டி இருபத்திரண்டு கொடுக்கத்தான் செய்யும். யாராயிருந்தாலும் கொடுப்பார்கள்.

ராசிங்காபுரத்துச் செல்லப்பாண்டி அண்ணன் அந்த இருபத்திரண்டைப் பார்த்துத்தான் காரே வாங்கினார். போடிமெட்டுக்கு மேலே அவருக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. வாரத்துக்கு இரண்டு நடை ஏற வேண்டும். கூலியாட்கள் போகும் ஜீப்பில் இடிபட்டு இடிபட்டு மனைவி பேச்சியம்மாளுக்கு இடுப்பு போய்விட்டது. அதனால் கார். வண்டியை எடுத்த அன்று எல்லோரையும்போல டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தார், மாலை போட்டார். ஆனால் சந்தனமும் குங்குமமும் மட்டும் எங்கே வைத்தார் தெரியுமா? அந்த லேபிளின்மேல். "இதை யாரும் கிழிக்கப்படாது. இந்த நம்பருக்காகத்தான் வாங்குறேன்" என்றார். சந்தனம் போய் விழுந்தது சரியாக அந்தச் சின்ன எழுத்தின்மேல். நான் பக்கத்தில்தான் நின்றேன். பார்த்தேன், பேசாமல் இருந்தேன்.

பேச்சியம்மாள் கண்ணாடிக்குக் கிட்டே குனிந்து இரண்டாவது எண்ணைத் தொட்டுக் காட்டி, "இது என்ன தாயி?" என்று கேட்டார்.

"அது புகை, மதினி. ஒரு கிலோமீட்டர் போனா எவ்வளவு புகை விடும்ங்கிற கணக்கு."

"மலையிலயா, ரூமுக்குள்ளயா?"

என் பணிக்காலம் முழுக்க அந்தப் புகை எண்ணைப் பற்றிக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். அந்த லேபிளைப் பற்றிக் கேட்க வேண்டிய ஒரே கேள்வியும் அதுதான். நான் சிரித்துவிட்டு இனிப்புத் தட்டை நீட்டினேன். அடிப்பாவி, அங்கேயே பதில் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

முதல் மாதமே அண்ணன் வந்துவிட்டார். பதின்மூன்றுதான் கொடுக்கிறதாம். டேங்க் நிறைய ஊற்றி, பங்க்கில் வண்டியைப் பிடித்து ஆட்டி, காற்றெல்லாம் போக வைத்து, மறுபடி ஊற்றிப் பார்த்தாராம். இரண்டாம் மாதமும் வந்தார். மூன்றாம் தடவை வந்தது ஒரு முகூர்த்த நாளில். ஷோரூம் நிறைய ஆட்கள். ஒரு குடும்பம் முன்பணம் கொடுக்கப் பையைத் திறந்துகொண்டிருந்த நேரம்.

"ஏந்தங்கச்சி, இருபத்திரண்டுன்னு எழுதி ஒட்டிட்டு பதிமூணு குடுத்தா, அதுக்கு என்ன பேரு?" என்றார் சத்தமாக. பையைத் திறந்த குடும்பம் பையை மூடியது. மேலாளர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தார்.

எனக்கு அந்த ஆளை எப்படியாவது வெளியே அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் என் மனசில் இருந்தது. உண்மையைச் சொன்னால் பத்து நிமிஷம் ஆகும், பக்கத்தில் இருக்கிற குடும்பமும் கேட்கும். நான் எழுந்து நின்று, எல்லாம் தெரிந்தவள் குரலில் சொன்னேன்: "அண்ணே, ஏறும்போது குடிக்கிறதை இறங்கும்போது திருப்பிக் குடுத்துரும். இறக்கத்துல வண்டிக்குப் பெட்ரோலே வேணாம். எல்லாம் ஓட்டுற பக்குவத்துல இருக்கு."

அவர் யோசித்தார். முகம் தெளிந்தது. "அப்படிச் சொல்லுங்க" என்று கிளம்பிவிட்டார். குடும்பம் பையைத் திறந்தது. மேலாளர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். நான் அன்றைக்கு என்னைப் பெரிய சாமர்த்தியசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் வினை. கியரில் போட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கினால் இந்தக் கால வண்டிகள் பெட்ரோலைத் தொடுவதே இல்லை. ஆனால் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் சொல்லவில்லை. எனக்கே அது தெரியாது.

அடுத்த மாதம் அண்ணன் பச்சை ஏலக்காய் ஒரு பொட்டலத்தோடு வந்தார். "பதினெட்டு! போடிமெட்டு ஏறி இறங்கி பதினெட்டு! தங்கச்சி சொன்ன பக்குவம்தான்" என்றார். எப்படி என்று கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. ஏலக்காயை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். மேலாளர் ஓடி வந்து அவரை வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார். மறுவாரம் ஷோரூம் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு: 'மலையிலும் மைலேஜ்! எங்கள் செல்லப்பாண்டி ஐயாவிடமே கேளுங்கள்!' அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தவள் நான். ஆச்சரியக்குறி இரண்டும் என்னுடையவை.

ஜனங்கள் கேட்டார்கள். ராசிங்காபுரத்து டீக்கடையில் அண்ணன் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். தேவாரத்திலிருந்துகூட ஆட்கள் வந்து அவரிடம் கேட்டுவிட்டு, நேரே இங்கே வந்து வண்டி எடுத்தார்கள்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தேன். மெக்கானிக் ஜெயராஜ் வந்து போனில் ஒரு படத்தைக் காட்டினான். வட்டமாய் ஒரு இரும்புத் தட்டு, நீலம் பாரித்துப்போயிருந்தது.

"என்னடா இது?"

"பிரேக் டிஸ்க்குக்கா. வெந்துபோய்க் கெடக்கு. பேடு பூராவும் தேஞ்சு போச்சு. உங்க போட்டோக்காரரு வண்டிதான். காலையில சர்வீஸுக்குக் கொண்டாந்தாரு."

"இவ்வளவு சீக்கிரம் எப்படி?"

"நானும் அதைத்தான் கேட்டேன். மேல கேரளா பார்டர்ல இன்ஜினை ஆஃப் பண்ணா, கீழ அடிவாரத்துல முந்தல்ல வந்துதான் போடுவேன்னு பெருமையா சொல்றாரு. பதினேழு வளைவும் வெறும் பிரேக்குலயே வர்றாருக்கா. இன்ஜின் ஓடலைன்னா பிரேக்கு கட்டையாயிரும், ஸ்டீரிங் கல்லு மாதிரி ஆயிரும். யாருண்ணே இதைச் சொல்லிக்குடுத்தான்னு கேட்டா..." அவன் நிறுத்தினான். "உங்க பேரைத்தான் சொல்றாரு."

தூக்கை மூடி வைத்தேன். "வண்டி எங்கே இப்போ?"

"பேடு மதுரையில இருந்து வரணும், நாளைக்குச் சாயங்காலம் ஆகும், வண்டியை விட்டுட்டுப் போங்கன்னு சொன்னேன். காய் எடுக்கிற நாளு, ஒரே ஒரு நடை போயிட்டு வந்து விடுறேன்னு எடுத்துட்டுப் போயிட்டாரு. மதினியும் கூடப் போயிருக்கு."

"அந்தப் பதினெட்டு?"

"ஏசி போடுறதில்ல, மெல்லமா மிதிக்கிறாரு. அதுல வந்ததுக்கா. இன்ஜினை அணைச்சதுல ஒரு கரண்டி மிஞ்சியிருந்தா அதிகம்."

போன் போட்டேன். மலைமேல் லைன் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், அப்போதும் இல்லை. மேலாளரிடம் போய் விஷயத்தைச் சொல்லி, முதலில் அந்தப் போர்டை எடுக்கச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "இந்த வாரம் மூணு பேர் புக்கிங்குக்கு வர்றாங்க மேடம். அடுத்த வாரம் எடுப்போமே" என்றார். அவரோடு நின்று வழக்காட எனக்கு நேரமில்லை. ஷோரூம் வண்டி தேனிக்குப் போயிருந்தது. ஆட்டோ பிடித்து ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். கூலியாட்களைக் கூட்டி வர மேலே போகிற காலி ஜீப் ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. ஏறிக்கொண்டேன். "வெரசா போங்கண்ணே" என்று சொன்னதற்கு டிரைவர், "எந்தா அக்கா, மேல ஏலக்கா ஏலமா?" என்று கேட்டுச் சிரித்தார். ஒவ்வொரு வளைவிலும் கீழே எட்டிப் பார்த்தேன். எந்த வளைவில் அந்தக் கார் கிடக்குமோ என்று தேடிக்கொண்டே போனேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அன்றைக்கு நான் அழுதேன்.

பார்டர் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்து டீக்கடை வாசலில் காத்து நின்றேன். அவர்கள் கீழே இறங்க அந்த வழியாகத்தான் வர வேண்டும். நாலு மணிக்கு அந்தக் கார் வந்தது. முன்கண்ணாடி ஓரத்தில் லேபிள், அதில் காய்ந்த சந்தனம். அண்ணன் என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி, வாயெல்லாம் பல்லாக இறங்கினார்.

"என்ன தங்கச்சி, இங்க? இன்னொரு போட்டோவா?"

"அண்ணே, இன்ஜினை அணைச்சுட்டு இறங்கக் கூடாதுண்ணே. பிரேக்கு வெந்துபோச்சு. இந்த வண்டியில இப்ப கீழ போகக் கூடாது. நான் அன்னைக்குச் சொன்னது தப்பு."

அவர் சிரித்தார். "நீங்கதான சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன்."

"அப்ப அந்தப் போர்டு?"

"அதுவும் நான்தான் எழுதினேன்."

சிரிப்பு மெல்ல நின்றது. டீக்கடையில் நாலைந்து பேர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தெரியாமத்தான சொன்னீங்க?" என்று கேட்டார். எனக்கு அவரே ஒரு வழி போட்டுக் கொடுத்தார், பாருங்கள்.

"தெரியாதுண்ணே. ஆனா தெரிஞ்சமாதிரி சொன்னேன்."

காருக்குள் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள் கதவைத் திறந்தார். "ஆத்தாடி! நான் புதுக் கார்னா இறக்கத்துல சத்தம் போடாதுன்னுல்ல நெனச்சேன்! ஒவ்வொரு வளைவுக்கும் கொலசாமியைக் கும்பிட்டுக்கிட்டு வர்றேன் தாயி. இன்ஜின் சத்தம் இல்லையா, நான் முனகுறது இவருக்குக் கேட்டுரும்னு வாய்க்குள்ளயே கும்பிடுவேன்."

அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. காரை இங்கே விட்டுவிட்டு ஜீப்பில் இறங்குவோம், ஜெயராஜ் நாளைக்கு வந்து பேடு மாற்றுவான் என்றேன். "கார் வாங்கிட்டு ஜீப்புல போய் இறங்குனா ஊரு என்ன சொல்லும்?" என்று நின்றார். நான் ஏறி வந்த ஜீப் ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்து நின்றது; பேச்சியம்மாள் பையை எடுத்துக்கொண்டு அதை நோக்கி நடந்தார். "நான் ஜீப்புல போறேன். நீங்க அந்த போட்டோவைக் கூட்டிக்கிட்டு மெதுவா வாங்க."

ஜீப் நிறையக் கூலியாட்கள். நாங்கள் மூவரும் பின்னால் இடுங்கிக்கொண்டோம். பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு வளைவில் பஸ் ஏறி வந்தது. வழிவிட ஜீப் நின்றது. பின்னால் ஒரு வெள்ளைக் கார் வந்தது. சத்தமே இல்லை. புத்தம் புது வண்டி, நம்பர் பிளேட்டுக்கு மேல் எலுமிச்சைக் கயிறுகூட வாடவில்லை. பக்கத்தில் வந்தும் அது நிற்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் கத்தினார்கள். ஜீப்பை இடிக்க ஒரு சாண் இருக்கும்போது நின்றது.

ஓட்டியவர் தேவாரத்தில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் முருகேசன். போர்டைப் பார்த்து, அண்ணனைக் கேட்டு, இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் எங்களிடம் வண்டி எடுத்தவர். உள்ளே மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள். அவர் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. தலையை வெளியே நீட்டி, "அண்ணே! நீங்க சொன்ன மாதிரியே மேலயே ஆஃப் பண்ணிட்டேன்! பிரேக்குதான் கொஞ்சம் கட்டையா இருக்கு. பழகிரும்ல?" என்றார்.

செல்லப்பாண்டி அண்ணன் இறங்கினார். ஜீப்பில் வந்ததற்கு அவ்வளவு வெட்கப்பட்ட மனுஷன், அத்தனை பேர் பார்க்க நடந்துபோய் அந்தக் கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "முருகேசா, இன்ஜினைப் போடு. நான் சொன்னது தப்பு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். என் பேரை எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. மனைவியையும் பிள்ளைகளையும் ஜீப்பில் ஏற்றிவிட்டு, முருகேசனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். இரண்டாவது கியரில், இன்ஜின் இரைச்சலோடு அந்தக் கார் எங்கள் பின்னால் இறங்கியது.

அப்போது நான் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. முருகேசனுடைய சின்னப் பிள்ளை என் மடியில் உட்கார்ந்திருந்தது, அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். மிச்சமிருந்த வளைவுகள் பூராவும் அது என் வளையலை உருட்டி விளையாடிக்கொண்டே வந்தது.

அடிவாரத்துச் சாவடியில் எல்லோரும் இறங்கினோம். முருகேசன் காரைச் சுற்றி அண்ணன் பக்கம் வந்தார். பயம் தெளியத் தெளியக் கோபம் ஏறியது. "என்னண்ணே இது? உங்களை நம்பி எம் பிள்ளைகளை ஏத்திக்கிட்டு வந்தேனே! அறிவிருக்கா உங்களுக்கு?" என்று கத்தினார். அண்ணன், வயதில் பெரியவர், தரையைப் பார்த்து நின்றார். பேச்சியம்மாள் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு யாராலும் சும்மா நிற்க முடியாது.

"அவரைத் திட்டாதீங்க" என்றேன். "இறக்கத்துல பெட்ரோல் வேணாம்னு அவருக்குச் சொன்னது நான். அந்தப் போர்டை எழுதினதும் நான்."

முருகேசன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க ஷோரூம்ல புகார் மேசையில இருக்கிற மேடம்தானே?"

"ஆமா."

"நல்லாயிருக்கு. அப்ப உங்க மேல புகாரை நாங்க யாருகிட்ட குடுக்கிறது?"

அன்றைக்குச் சாயங்காலமே போர்டை நானே கழற்றினேன். மேலாளர் கத்தினார், கத்தட்டும் என்று விட்டேன். மறுநாள் ஜெயராஜோடு மேலே போய், பேடு மாற்றி, அண்ணன் வண்டியைக் கீழே கொண்டுவந்து சேர்த்தோம். அடுத்த வாரம் ஒவ்வொரு லேபிளுக்குக் கீழேயும் என் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டினேன்: 'இது அறைக்குள் பார்த்த எண். மலையில் குறையும். இறக்கத்தில் இன்ஜினை அணைக்காதீர்கள்.' வியாபாரம் படுத்துவிடும் என்று மேலாளர் பயந்தார். படுக்கவில்லை. "இவங்களே குறைச்சுச் சொல்றாங்கன்னா வண்டியில ஏதோ இருக்கு" என்று ஜனங்கள் கூடுதலாகத்தான் வாங்கினார்கள். நம் ஊர்க்காரர்களை என்னவென்று சொல்வது!

முருகேசன் கேட்ட கேள்வி மட்டும் என்னை விடவில்லை. தேவாரத்துக்கு அவர் கடைக்கே புகார்ப் பதிவேட்டை எடுத்துப் போய் முன்னால் வைத்தேன். பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு எழுதினார். யார் மீது புகார் என்ற இடத்தில் என் பெயர். என்ன குறை என்ற இடத்தில் ஒரே வரி: 'தெரியாததைத் தெரிந்தமாதிரி சொன்னார்.' செல்லப்பாண்டி அண்ணன் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தப் பதிவேட்டில் ஒவ்வொரு புகாருக்கும் நேரே 'தீர்ந்தது' என்று எழுதித் தேதி போட ஒரு கட்டம் உண்டு. எத்தனையோ புகார்களுக்கு எழுதியிருக்கிறேன், சிலதுக்குத் தீராமலேயே எழுதியிருக்கிறேன். அந்த ஒரு கட்டத்தை மட்டும் நிரப்ப எனக்குக் கை வரவில்லை. ஓய்வு பெற்ற அன்றும் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தேன். பதிவேடு இப்போதும் அந்த மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. நாளைக் காலையில் உங்களில் யார் அங்கே உட்காரப் போகிறீர்களோ, அந்தக் கட்டத்தை நீங்களும் நிரப்ப வேண்டாம்.